எண்ணூற்று முப்பத்தேழை ஆறால் வகு

சிக்னே ஓல்ஸ்டாடுக்கு அப்போது தொண்ணூற்று நான்கு.
சமையலறை நாற்காலியை முற்றத்தில் போடச் சொல்லி
கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்துகொண்டாள்,
நான் லாரியில் கோதுமை ஏற்றுவதைக் கணக்குப் பார்க்க.
சஸ்காட்செவனில் அக்டோபர்.
காற்றுக்குக் குறுக்கே ஒரு மரமும் இல்லை.

காலையில் கொடுத்த எடைச்சீட்டைத் திருப்பி நீட்டினாள்.
"தம்பி, கூட்டலில் ஒன்றை மேலே ஏற்ற மறந்துவிட்டாய்.
நட்டம் உனக்குத்தான்."
அவள் சொன்னது யங் மேன்.
எனக்குத் தம்பி என்றுதான் கேட்டது.

களஞ்சியம் என்று நான் நினைத்தது
அவளுடைய பள்ளிக்கூடம்.
ஒரே அறை, எட்டு வகுப்பு.
பதினெட்டு வயதில் வந்து இறங்கினாளாம்.
விடியுமுன் அடுப்பு மூட்டாவிட்டால்
மை உறைந்து புட்டி வெடிக்கும்.
சம்பளம் தாளில் இருந்தது.
கைக்கு வந்தது நிலக்கரி, உருளைக்கிழங்கு,
ஒருமுறை உயிரோடு ஒரு வாத்து.
வாத்துக்கும் ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஐவரைக் கட்டியதும் வேலை போயிற்று.
கல்யாணமானவளுக்குக் கரும்பலகை எதற்கு
என்றார்கள் நிர்வாகக் குழுவின் மூன்று பேர்.
இரண்டு வருடம் கழித்து, ஆண்கள் போருக்குப் போன பின்,
அதே மூன்று பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
கோழிக்கூட்டு வாசலில் நின்றார்கள்.
முட்டைக் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"இந்த முறை காசாகவா, வாத்தாகவா?"

அதன்பின் பதினெட்டு வருடம்.
நாலரைக்குப் பால் கறந்து,
எட்டரைக்கு மணி அடித்து,
அறுவடை ஆட்களுக்குப் பன்னிரண்டு தட்டுச் சோறு அனுப்பி,
இரவில் கட்டுரை நோட்டுகள்.
ஐவரின் இரண்டு விரல்களை இயந்திரம் எடுத்த நாளில்கூட
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து நேராக இருக்கிறது;
தேதிதான் ஒரு நாள் பிந்தி.

பிறகு மஞ்சள் பேருந்து வந்தது, பள்ளி மூடியது.
ஐவர் கட்டடத்தை ஏலத்தில் எடுத்து
சறுக்குக் கட்டைகளில் மூன்று மைல் இழுத்து வந்தான்.
அவள் பின்னால் நடந்தாள்,
வேலிக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு.
கோதுமையின் கனத்துக்குச் சுவர் பிதுங்கும் என்று
உள்ளே சுற்றிலும் ஒட்டுப்பலகை அடித்தான்.
ஏழாம் நம்பர் களஞ்சியம் என்று பெயர் வைத்தான்.
அவளும் அப்படியே சொல்லப் பழகினாள்.
அவன் செத்துப் பதினாறு வருடம் ஆன பிறகும்
ஏழாம் நம்பர்தான்.

நிலம் ஒரு கம்பெனிக்குப் போகிறது.
மகன்கள் கால்கரியிலிருந்து தொலைபேசியில் சரி சொல்லிவிட்டார்கள்.
கடைசி லோடு உறிஞ்சி முடிந்ததும்
"அந்த வடக்குச் சுவர்ப் பலகையைக் கழற்று,
வளையாமல் கழற்று, யாருக்காவது ஆகும்" என்றாள்.

கடப்பாரை வைத்தேன்.
ஐம்பத்து மூன்று வருடத் தூசி என் மூக்கில்.
பின்னால் கறுப்பு. கறுப்பில் வெள்ளை.
837, ஒரு கோடு, 6. மேலே 13.
அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து வரவில்லை.
நாற்காலியிலிருந்தே சொன்னாள்:
"மூன்றைத் தலைகீழாகப் போட்டிருப்பான், பார்."
ஆமாம், போட்டிருந்தான்.

லெஸ்டர். கடைசி நாள். வைக்கோல் வெட்ட ஆள் இல்லையென்று
அப்பா வாசலில் வந்து கூப்பிட்டார்.
நாளைக்கு முடி என்று சொல்லிவிட்டாளாம், பழக்கத்தில்.
"எங்கே அவர் இப்போது?" என்றேன்.
"மார்ச்சில் போய்விட்டான். எழுபத்தொரு… இல்லை, அறுபத்தி மூன்று.
அடக்கத்துக்கு முட்டை சாண்ட்விச் நாற்பது கொண்டுபோனேன்."

காற்று ஓட்டை வழியே உள்ளே வந்து
தரையில் மிஞ்சிய கோதுமையைக் கொஞ்சம் நகர்த்தியது.
என் சட்டைப் பையில் எலிவேட்டர் கொடுத்த சாக்குக்கட்டி இருந்தது,
லாரிக் கதவில் லோடு எண் எழுத.
எடுத்தேன்.

"வேண்டாம்," என்றாள்.
"அது அவன் கணக்கு.
உன்னுடையதைக் கொடு, இன்னொரு முறை கூட்டுகிறேன்."