சல்லிக் கணக்கு

எங்கள் ஊரில் காசுக்கும் சல்லி,
உடைத்த கல்லுக்கும் சல்லி.
வெள்ளைக்கல் மூட்டை ஒன்று
ஆயிரத்து எண்ணூறு என்று ருமைஸா சொன்னபோது
எந்தச் சல்லியைச் சொல்கிறாள் என்று
ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை.

பதினொரு மூட்டை.
கல்முனையிலிருந்து பட்டா லொறியில் வந்து இறங்கியது.
தோஹாவிலிருந்து அவள் தங்கச்சி அனுப்பிய படத்தில்
வெள்ளைக்கல்லும், நடுவில் ஒரு கள்ளியும்,
யாரும் நடக்காத நடைபாதையும் இருந்தன.
"எவ்வளவு துப்பரவா இரிக்கி, பாருங்க."

நான் சம்மாந்துறை ஆலையொன்றில் கணக்கெழுதுகிறவன்.
என்னிடம் இருப்பது உமி.
அரிசி போனபின் யாருக்கும் வேண்டாத,
காற்றடித்தால் கண்ணிலும் பேரேட்டிலும் விழுகிற உமி.
அதையும் பொச்சுமட்டைத் துண்டுகளையும்
வேரடியில் நாலு விரல் கனத்துக்குப் போட்டால்
மண் குளிரும் என்றார் விவசாயப் போதனாசிரியர்.
அவர் அதற்கு மூடுபடை என்று பேர் சொன்னார்.
ருமைஸா குப்பை என்றாள்.

கயிறு பிடித்து வளவை இரண்டாக்கினோம்,
காணி வழக்குக்காரரைப் போல.
கிழக்கே அவளுடைய கல்லும் மாதுளையும்.
மேற்கே என் உமியும் தோடையும்.
கிணற்றடி பொது.

ஆனியில் கச்சான் வந்தது,
வயலையெல்லாம் நக்கியும் தாகம் தீராத
மேல்காற்று.
முதல் மூச்சிலேயே என் உமியில் பாதி
அவளுடைய கல்லைத் தாண்டி, மதிலேறி,
தெருவுக்கு அப்பால்
தையல்கடைப் பைறூஸ் காயப்போட்டிருந்த
வெள்ளைச் சட்டைகளில் இறங்கியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டையை உதறினார்.
என்னைப் பார்த்து உதறினார்.

ருமைஸா சிரித்து முடிப்பதற்குள்
மாதுளை இலை சுருண்டது.
லுஹருக்கு முன் அவள் கல்லில் கைவைத்தாள்,
உடனே எடுத்தாள்.
"அப்பச்சட்டி" என்றாள், மெல்ல.
பிறகு என் பக்கம் வந்து
மிச்சமிருந்த உமியை விலக்கி விரல் நுழைத்தாள்.
உள்ளே இன்னும் விடியற்காலையாக இருந்தது.
ஒரு மண்புழு
வெளிச்சத்தோடு கோபித்துக்கொண்டு போனது.

யாரும் தோற்றதாகச் சொல்லவில்லை.
அஸருக்குப் பிறகு அவள் பிளாஸ்டிக் பேசினோடு வந்து
மாதுளையடிக் கல்லை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள்.
அங்கே உமியைக் கொட்டி
நனைத்த பொச்சுத்துண்டுகளை மேலே வைத்தேன், பாரத்துக்கு.
அடிமரம் மூச்சுவிட ஒரு சாண் இடம் விட்டோம்.
பொறுக்கிய கல்லை உமியைச் சுற்றி அடுக்கினாள்,
இடியப்பத் தட்டுக்கு விளிம்பு போல.
மீதிக் கல் பீலியடிக்குப் போனது,
கூரைத்தண்ணி விழுந்து விழுந்து
குழியாகிக் கிடந்த இடத்துக்கு.

மாரியில் மூன்று நாள் விடாமல் பெய்தது.
பீலித்தண்ணி கல்லோடு இரவெல்லாம் கதைத்தது;
சேறு தெறித்துச் சுவர் அழுக்காகவில்லை.
உமி ஊறி, கறுத்து,
அரைவிரல் மிதந்து எழும்பி
விளிம்பைத் தொட்டு நின்றது.
ஓரிடத்தில் மட்டும் உடைத்துக்கொண்டு போனது.
அங்கே ஐந்து கல் குறைவு:
பக்கத்துவீட்டுப் பிள்ளைகள்
கெந்தி விளையாட எடுத்திருந்தார்கள்.
விளையாட்டு முடியும்வரை நாங்கள் கேட்கவில்லை.

மழை வெளித்த பிறகு
வெள்ளைக்கல் இரண்டுக்கு நடுவில்
பச்சையாய் ஒரு முளை.
நெல்.
ஆலைச் சல்லடைக்குத் தப்பி
உமியோடு உமியாய் வந்த ஒரு மணி.

"பிடுங்கவா?" என்றேன்.
அவள் பதில் சொல்லாமல்
குந்தியிருந்து படம் எடுத்தாள்,
தோஹாவுக்கு அனுப்ப.

மறுகா, கதிர் தள்ளுவதற்கு முன்
பைறூஸின் ஆடு வந்து
அடியோடு தின்றுவிட்டுப் போனது.
சட்டைக்கு அது சரி
என்று விட்டுவிட்டேன்.