விளி வேற்றுமை

இரணைப்பாலைக் கன்னியர் மடத்தில்
கரண்ட் போய் ஒரு மணித்தியாலம்.
மண்ணெண்ணெய் விளக்கில் தமிழ்த்தாள் திருத்துகிறேன்,
தரம் பதினொன்று, இருபத்துமூன்று பேர்.
பிறகு லத்தீன். அது மூன்றே தாள்.

ஏழாம் வினா:
அண்மையிலும் சேய்மையிலும் புலம்பலிலும்
பெயர் விளியேற்குமாறு காட்டுக. ஆறு புள்ளி.
எல்லாரும் நான் பலகையில் எழுதியதையே
எழுதியிருக்கிறார்கள், பிழையோடு.

டிலானி அருளப்பு மட்டும்
தன் அண்ணனை எழுதியிருக்கிறாள்.
கிட்ட நின்றால்: நேச.
தூர நின்றால்: நேசாஅ.
ஓர் அகரம் போதாதென்று
கோட்டைத் தாண்டித் தாளின் விளிம்புவரை
அஅஅஅ.
புலம்பலுக்கு ஓகாரம் வேண்டும்.
எழுதி, வெட்டி, பக்கத்தில்:
'இது வேண்டாம் சிஸ்டர். இன்னும் தேடுறம்.'

போன கிழமைதான்
கையறுநிலைப் பாட்டொன்று படிப்பிக்கையில்
அந்த ஓகாரத்தை
அழகு என்றேன். அவள் முன்வாங்கில் இருந்தாள்.

விதிப்படி நாலு புள்ளி.
சிவப்புப் பேனையைத் திறந்து
மூடினேன்.

லத்தீனில் இந்தத் தொல்லை இல்லை.
தொமினே என்றால் தொமினே.
பீடத்தடியில் நிற்கிறாரா
நந்திக்கடலுக்கு அப்பால் நிற்கிறாரா,
இலக்கணம் கேட்பதில்லை.
பதினாறு வருடம் அந்த ஒரு சொல்லுக்குள்
பத்திரமாக இருந்துவிட்டேன்.

மணி அடிக்கிறது, இரவுச் செபம்.
விளக்கைத் தணித்துவிட்டு இருட்டில் போய்
என் இடத்தில் முழந்தாளிட்டேன்.
ஆண்டவரே என்று எல்லாரும் தொடங்கி
அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள்.
என் ஏகாரம்
இன்னும் முடியவில்லை.