பெட்டிக்கு வசூல்

டிசம்பர் இருபத்தாறு.
மாடிக் கம்பிகளில் காகித நட்சத்திரங்கள்
அணைக்க மறந்து பகலிலும் எரிகின்றன.
நானும் இன்னாசியும் ரசீது புத்தகத்தோடு
காசிமேட்டில் எங்கள் தெருவின் முதல் வாசலில் நிற்கிறோம்.

போன வருஷம் நோட்டுப் புத்தகம்.
அதற்கு முந்தின வருஷம் கால்பந்து, வலையோடு.
இந்த வருஷம் கேரம் மன்றம் கைதூக்கி முடிவு செய்தது:
ஐஸ் பெட்டி.
பிணம் வைக்கிற பெட்டி.

சொல்லிப் பாருங்கள் ஒரு வாசலில் நின்று,
புது வருஷத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது.
"நல்ல நாளும் அதுவுமா..." பாதிக் கதவு மூடியது.
அடுத்த வீட்டில்
"வூட்ல யாரும் இல்லபா" என்றது ஒரு குரல்.
எல்லாரும் இருந்தார்கள்.

ஆகஸ்டில் பவுனு புருஷன் போனபோது
வாடகைப் பெட்டிக்காரன் நாளுக்கு நாலாயிரம் கேட்டான்.
மகன் அந்தமானிலிருந்து வரவேண்டும்.
மார்க்கெட்டில் நாலு பார் ஐஸ் எடுத்தோம்,
மீனுக்கு உடைக்கிற அதே ஐஸ்,
மரத்தூள் போட்டு.
விடிவதற்குள் தண்ணீர் வாசல்படி தாண்டித்
தெருவில் இறங்கி ஓடியது.
அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.
இதை நாங்கள் வீடு வீடாகச் சொல்லவில்லை.
தெரிந்தவர்களிடம் என்ன சொல்வது.

அடகுக்கடையில் கேட்டார்:
"எண்பது ஜி ரசீது உண்டா?"
இல்லை.
"அப்ப மார்ச்ல வாங்க. கணக்கு அப்பதான் முடியும்."
"யார் கணக்கு எப்ப முடியும்னு
யாருக்கு சேட்டு தெரியும்?" என்றான் இன்னாசி.
அவர் சிரிக்கவில்லை.
ஆயிரத்து ஒன்று எண்ணி வைத்தார்.

லூர்தம்மா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.
ஐந்நூறு ரூபாய், ஓரத்தில் ஒரு செதில்.
"பேர் எழுதாத. எழுதினா
கூப்புடுற மாதிரி இருக்கு."
பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டேன்.
செய்தி எங்களுக்கு முன்னே தெருவில் நடந்தது.
அதற்குப் பிறகு எல்லாருக்கும் கோடுதான் வேண்டும்.
கார்பன் தாளுக்குக் கீழேயும் கோடு.
யாராவது தணிக்கைக்கு வந்தால் என்ன சொல்வேன்,
இந்தத் தெருவில் எழுபத்தோரு கோடுகள் குடியிருக்கின்றன என்றா?

ஜெய்லானி பாய் தையல் மிஷினை நிறுத்தினார்.
"எங்கள்ல அன்னிக்கே அடக்கம். பெட்டி தேவைப்படாது."
சரி என்று திரும்பினோம்.
"எங்க போறீங்க?
தேவைப்படாதுன்னுதான சொன்னேன்,
குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் தேசிங்கு
ஆறடி மூன்று அங்குலம்.
பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே
பெட்டி என்ன நீளம் என்றான்.
ஆறரை.
கொஞ்சம் யோசித்தான். கொடுத்தான்.

முப்பத்தொன்று சாயங்காலம் மினி லாரியில் வந்தது.
பழைய பெட்டி, கண்ணாடி மூடியில் ஒரு கீறல்,
மூன்று மாதம் கியாரண்டி.
கம்ப்ரசர் தாங்குகிறதா என்று
ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும்.
காலியாக ஓடவிட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.
தேசிங்கு போய் இரண்டு கேஸ் கலர் தூக்கிவந்தான்.
கேரம் போர்டைச் சுவரில் சாய்த்தோம்.
ஆரஞ்சும் பன்னீர் சோடாவும்
தலைமாடு கால்மாடு பார்க்காமல் படுத்தன.
பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
யார் யாருக்கு எது என்று பங்கு பிரித்தார்கள்.

பன்னிரண்டுக்கு மாதா கோயில் மணி.
துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம்
ஒரே மூச்சில் சங்கு ஊதின.
மூடியைத் திறந்தோம். வெள்ளைப் புகை.
லூர்தம்மா ஒரு பாட்டிலைக் கன்னத்தில் வைத்து
கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.
"வேல செய்யுதுபா."

காலையில் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி,
சாவியை ஆணியில் மாட்டினேன்.
விற்றவனுக்கு எண்ணூறு பாக்கி.
கலர் இரண்டு கேஸ்:
அதையும் பெட்டிச் செலவில்தான் எழுதியிருக்கிறேன்.