கண்ணில் படுதல்

மூன்றாம் வரிசையில் எனக்குப் பதினான்கு மாதம்.
இரண்டாம் முனையம், இரவு வேலை.
திரைக்குள் வந்துவிட்டால்
உலகத்துக்கு மூன்றே நிறம்:
துணியும் இட்லிப்பொடியும் ஆரஞ்சு,
இரும்பு நீலம்,
எதிலும் சேராதது பச்சை.

ஒருநாள் யாரோ
முழு டுரியானைச் சட்டைகளுக்குள் சுற்றி வந்தார்.
முள் வைத்த ஆரஞ்சு மேகம்.
வாசனை வருமுன்னே சிரித்துவிட்டேன்.

என் வலப்பக்கச் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு.
பழுது. இமைத்துக்கொண்டே இருக்கும்.
முதல் வாரம் முழுக்கத் தலைவலி.
"பழகிவிடும்," என்றாள் ரோஸ்னா,
மிளகாய்ச் சாந்து தொட்ட விரலை நக்கியபடி.
பழகியது.
விளக்கு அங்கேயேதான் இருந்தது,
அந்தப் பக்கம் நான்தான்
இல்லாமல் போனேன்.

ஏப்ரலில் ஐந்தாம் வரிசைக்கு மாற்றினார்கள்.
அதே இயந்திரம், அதே நாற்காலி,
சொல்லிவைத்தாற்போல் வலப்பக்கம்
இமைக்கிற இன்னொரு விளக்கு.
பொம்மைக்கடை வாசலில் அடம்பிடிக்கும் பிள்ளைபோல்
விடியும்வரை கண்ணைப் பிடித்து இழுத்தது.
பதினான்கு மாதப் பழக்கத்தை
மூன்றாம் வரிசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.
ரோஸ்னாவின் இடைவேளைக்காகப்
பத்து நிமிடம் அங்கே போய் உட்கார்ந்தேன்.
பழைய விளக்கு
தெரியவே இல்லை.

கணினி நடுநடுவே ஒரு பொய்க் கத்தியைச் செருகும்,
யாருடைய நிஜப் பெட்டிக்குள்ளோ,
என்னைச் சோதிக்க.
போன காலாண்டில் ஒன்றையும் நான் தவறவிடவில்லை.
மேற்பார்வையாளர் க்வா
நாற்பது வெள்ளிப் பற்றுச்சீட்டு நீட்டினார்.
மேசை விசிறி வாங்கினோம்.

தெம்பனிஸ் வீட்டில்
ஐஸ்பெட்டிக் கதவு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை:
தண்ணீர்க் கட்டணம்,
மின்தூக்கி நிற்கும் என்ற நகரமன்ற அறிவிப்பு,
பீட்சா கூப்பன், தாரகனின் தேர்வு அட்டவணை
(போன வருடத்தது).
நாளுக்கு இருபது முறை திறப்பேன்.
பால், தயிர், பச்சை மிளகாய்,
சும்மா குளிர்காய்வதற்கும்.

வியாழக்கிழமை பெட்டி செத்தது.
புதிதாக வந்தது காந்தம் ஒட்டாத ரகம்.
கதவிலிருந்து உரித்த தாள்கள் எல்லாம்
சாப்பாட்டு மேசைக்கு வந்தன.
பூப்போட்ட விரிப்பின்மேல்
வெள்ளையாக ஒன்று.
சாங்கி பொது மருத்துவமனை.
சற்குணம். நெஞ்சுப் படம், மறுமுறை.
தேதி: நேற்று.

"இது எப்போ ஒட்டினீங்க?"

"பதினோரு நாள் இருக்கும்."
வெங்காயத்திலிருந்து நிமிரவில்லை.
"உன் கண்ணுல படும்னு நெனச்சேன்."

வாயில் வராத ஒன்றைக்
கதவில் வைத்திருக்கிறார்,
கதவுகளிலேயே கூட்டமான கதவில்.
ஆயிரம் பெட்டியில் ஒரு கத்தியைப் பிடிக்கிற கண்
இந்த வீட்டுக்கு வருவதில்லை போலும்.
அது நாற்காலியோடு அங்கேயே
அடுத்த முறைக்காரருக்குக் காத்திருக்கும்.
வீட்டுக்கு வருவது வேறு கண்,
பாலை மட்டும் தேடத் தெரிந்தது.

நானும் ஒன்றும் கேட்கவில்லை.
அவருக்குப் பதில் வெங்காயத்தை நறுக்கினேன்.
அழுததற்கு அது வசதியாக இருந்தது.

இன்று வேலைக்குக் கிளம்புகையில்
இடது சப்பாத்து கடித்தது.
உள்ளே நாலாய் மடித்த தாள்.
புதிய தேதி, இருபத்திரண்டு, காலை ஒன்பதே கால்.
அடியில் பென்சிலால்: பட்டுதா?

எடுக்கவில்லை.
மடித்து அங்கேயே வைத்து மிதித்துக்கொண்டு
பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன்.
ஒவ்வோர் அடிக்கும் உறுத்தியது.
எக்ஸ்போ தாண்டும்போது கவனித்தேன்,
உறுத்தல் குறைந்திருந்தது.

குனிந்து
வலது சப்பாத்துக்கு மாற்றினேன்.