இடது பின்கதவு

ஷோரூமில் முப்பத்தைந்தாயிரம் கேட்டார்கள்.
நான் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு
ஒரு புட்டி வாங்கினேன்.
முப்பது மில்லி. இருமல் மருந்துகூட
இதைவிடப் பெரிய புட்டியில் வரும்.

ஹொரமாவு. அடுக்ககத்தின் இரண்டாம் நிலவறை,
தூண் எண் நாற்பத்தொன்று, ஞாயிறு காலை.
மேலே மழை வரும்போல் இருக்கிறதென்று
காவலர் ஜிதேன் இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.
இந்த ஊரில் எப்போதும்
வரும்போலத்தான் இருக்கும்.

புது வண்டி. ஓடியது எண்பத்தாறு கிலோமீட்டர்.
இருந்தும் களிமண் கட்டியால் தேய்த்தால்
கட்டி கறுத்துப்போகிறது.
சரக்கு ரயிலில் வரும்போது ஒட்டிய இரும்புத்தூள்
மருந்து பட்டதும்
கத்தரிப்பூ நிறத்தில் வழிகிறது.
புதியது என்று நான் கையெழுத்துப் போட்ட பொருளுக்கு
என்னைத் தெரியாத ஒரு காலம் இருந்திருக்கிறது.

பங்குத்தந்தை தெளித்த தீர்த்தம்
பானெட்டில் ஏழு வெள்ளைப் புள்ளிகளாய்க் காய்ந்திருந்தது.
போர்வெல் தண்ணீராக இருக்க வேண்டும்.
அதையும் துடைத்தேன்,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.

குறுக்கே நான்கு இழுப்பு, நெடுக்கே நான்கு.
பூசிய இடம் முதலில் ஒன்றும் சொல்லாது.
பிறகு மெல்ல ஒரு வானவில் வியர்க்கும்,
டீசல் சிந்திய குட்டைபோல.
அது மங்கத் தொடங்கும் கணத்தில் துடைக்க வேண்டும்,
முந்தினால் ஒட்டாது, பிந்தினால் விடாது.
பாகில் கம்பிப் பதம் பார்த்த கைக்கு
இதில் என்ன கஷ்டம்.

பானெட் முடிந்தது.
ஸ்டூலில் ஏறிக் கூரை முடிந்தது.
வலப்பக்கம் மொத்தமும்.
கருநீலத்துக்குள் ட்யூப்லைட் ஒன்று
மடங்காமல், கோணாமல் படுத்திருந்தது.
என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம்
பெருமையாக இருந்த நேரம் அது.

இடது பின்கதவில் பூசி நிமிர்கிறேன்,
ஃபோன். அமலதாஸ்.
வேலூரிலிருந்து.
பதினோரு நாளாக அந்த ஒற்றைத் தாளுக்குத்தான்
காத்திருக்கிறோம்.
ஜெசிந்தா பேசாமல் தம்பியே பேசுகிறான் என்றால்
நல்லதா, கெட்டதா?

"அக்கா... அது... இல்..."

நிலவறையில் ஒரு கோடுதான் சிக்னல்.
கையுறையைப் பல்லால் உருவி எறிந்துவிட்டு
சரிவுப் பாதையில் ஏறி ஓடினேன்.
இல்லை என்றானா,
இல்லாமலா, இல்லாவிட்டாலா,
இலவசம் என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா
என்றெல்லாம் ஓடியது மனசு.

மேலே உண்மையிலேயே தூறல்.
"ஒண்ணுமில்லியாம்க்கா. வெறும் கொழுப்புக் கட்டியாம்."
பிறகு கேண்டீன் பொங்கலைத் திட்டினான்.
லிஃப்டில் நின்ற கூட்டத்தைத் திட்டினான்.
பார்க்கிங்குக்கு நூறு ரூபாய் பிடுங்கியவனைத்
திட்டத் தொடங்கி வார்த்தை வராமல் நிறுத்தி
மறுபடி பொங்கலுக்கே போனான்.
சொல்லுடா, சொல்லு என்று நனைந்துகொண்டிருந்தேன்.
மிளகு நாலுதான் இருந்ததாம்.
எண்ணியிருக்கிறான்.

இறங்கி வந்தபோது வானவில் போயிருந்தது.
துணி வழுக்கவில்லை. இடறியது.
ஒரு கைக்குட்டை அகலத்துக்கு
கண்ணாடியாய் இறுகிவிட்டிருந்தது,
யாரோ நக்கிவிட்டுப் போன மாதிரி ஒரு மங்கல்.
தேய்த்தேன். இன்னும் கொஞ்சம் பூசித் தேய்த்தேன்.
தோள்தான் வலித்தது.

ஏழு நாள் தண்ணீர் காட்டக் கூடாது என்றிருந்தது.
காட்டவில்லை.
எட்டாம் நாள் ஹென்னூர் சாலையில் அடித்த மழை
உருண்டு உருண்டு ஓடியதை
சிக்னல் பச்சையானது தெரியாமல்
பார்த்துக்கொண்டிருந்து திட்டு வாங்கினேன்,
கன்னடத்தில்.

மெஷின் வைத்தால் எடுத்துவிடலாமாம்,
ஆயிரத்து ஐநூறு.
கடைக்காரரின் கார்டு டாஷ்போர்டுக்குள் கிடக்கிறது.

வெயிலில் அது தெரியாது.
தூணோரம் நின்று தலையைச் சாய்த்தால்தான் தெரியும்.
ஜிதேன் கண்டுபிடித்துவிட்டார்.
"பெயின்ட்டில் குறை, மேடம். புது வண்டி.
கம்பெனிக்கு எழுதுங்கள்."

எழுதுகிறேன் என்றேன்.