மூன்றாவது கூண்டு

பீடோரில், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில்
ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளம்.
அதில் நானும் அமலதாசும் திலாப்பியா வளர்க்கிறோம்.
நாலு கூண்டு. கூண்டுக்கு எண்ணூறு மீன்.
கடன் இன்னும் இருபத்தொரு தவணை.

மழை ஏமாற்றிய ஏப்ரலில்
முதல் மீன் சுற்ற ஆரம்பித்தது.
வாலைத் துரத்தும் நாய்க்குட்டி என்று
ரஃபீக் சிரித்தான்.
மறுநாள் முப்பது.
கண் பிதுங்கி, வெள்ளை படர்ந்து,
தீனி விழும் சத்தத்துக்குக்கூடத் திரும்பாமல்.

மீன்வள இலாகாவிலிருந்து வந்த புவான் ஹஸ்லினா
குளத்தைக் கோலம் என்றாள்.
மலாயில் அதுதான் சொல்.
தண்ணீரில் மீன் போட்டுக்கொண்டிருந்ததும் அதுதான்,
புள்ளி வைக்காமல்,
முடிக்கத் தெரியாமல்.

பலகையில் ஒன்றைக் கிடத்தி
நகம் வெட்டுகிற நிதானத்தோடு தலையைத் திறந்தாள்.
உளுந்தளவு மூளை.
பஞ்சுக்குச்சியால் தொட்டு, குப்பியில் போட்டு, மூடினாள்.
மூன்று நாளில் தெரிந்துவிடும், காக்.

மூன்று நாள்!
என் தலைக்கு மூன்று வருஷம்.

கண் செருகும் அந்த நொடியில்
காதுக்கு உள்ளே வெடிக்கும்,
பாறைக்கு வைக்கிற வெடி.
வலி கிடையாது. புகை கிடையாது.
பதறி எழுந்தால்
அமலதாஸ் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்.
காஸ் தோம்பை மோந்து பார்ப்பேன்.
கம்பத்து டிரான்ஸ்பார்மரை எட்டிப் பார்ப்பேன்.
தாப்பாவில் ஒருத்தி எலுமிச்சம்பழம் உருட்டிப் பார்த்தாள்,
எண்பது வெள்ளி.

ஈப்போவில் குழாய்க்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள்.
சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர் ஓங்,
வீடு காட்டும் தரகரைப் போல.
அபூர்வம்தானாம். ஆபத்தில்லையாம்.
பேர்கூட இருக்கிறது: வெடிக்கும் தலை.
கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கும்.
மருந்து கேட்டேன்.
நன்றாகத் தூங்குங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தது முடிவு.
கிருமி. மூளை வரை.
மூன்றாவது கூண்டை மொத்தமாக அள்ளினோம்.
செம்பனைக்குப் பின்னால் குழி, சுண்ணாம்பு, மண்,
மறுபடி சுண்ணாம்பு.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன்.
அதற்கு மேல் ரஃபீக் எண்ணினான், வங்காளத்தில்.

கையெழுத்து வாங்க வந்தவளிடம் கேட்டேன்:
சுற்றும்போது இதுகளுக்கு உள்ளே
ஏதாவது சத்தம் கேட்குமா, புவான்?
அவள் சிரிக்கவில்லை.
படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

அன்றைக்கும் வெடித்தது, பதினொன்றரைக்கு.
காஸைப் பார்க்கவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு பலகைப் பாலத்தில் நடந்தேன்.
இரண்டாவது கூண்டில் ஒன்று,
புதுசு,
இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.
குந்தி உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினேன்.
நாற்பதைத் தாண்டும்போது
தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.
கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டேன்.