பதினொன்றாம் பெட்டி

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.
மூன்றரைக்கே போய்விட்டோம்
நானும் மரியலூயிஸும், இஸ்திரி மடிப்புக் கலையாமல்.
ஷார்ஜாவின் பல்கலைக்கழகச் சாலைப் பேரீச்சைகள்
தங்களுக்கு மட்டும் போதுமான நிழல் வைத்திருந்தன.
மரத்துக்கு ஒருவராக நின்றோம்.

ஆறு வருஷமாகப் பின்வாசலில் கையெழுத்துப் போட்டு
ஏணியோடு நுழைந்த கட்டடம்.
முன்வாசல் இவ்வளவு உயரம் என்று
யாரும் சொன்னதில்லை.

காவலுக்கு நிற்கும் நேபாளி, தெரிந்தவர்தான்,
'என்ன, ஏசி போச்சா?' என்றார் இந்தியில்.
'இல்லை, பார்க்க வந்தோம்.'
'எதை?'
அதற்குப் பதில் எடுத்து வரவில்லை.
டிக்கெட்டைக் காட்டினேன்.

முதல் கூடத்தில் ஒட்டக எலும்பு, அம்பு முனை,
வாய் உடைந்த ஜாடிகள்.
நான் பார்த்தது கூரையை.
நாலாவது கிரில்லில் ஒரு திருகு இல்லை.
போடாமல் விட்டவன் நான்தான்;
மார்ச் மாதம், நோன்பு திறக்கும் நேரம்,
வண்டி கிளம்பிவிட்டது.

மரியலூயிஸ் ஒவ்வொரு அட்டையையும்
எழுத்துக்கூட்டி வாசித்தான்.
முத்துக் குளிப்பவர் மூக்கில் மாட்டும் கொம்புக் கிளிப் முன்னால்
நின்றவன் நகரவே இல்லை.
தூத்துக்குடிக்காரன். அப்பா சங்கு எடுத்தவர்.
இரண்டு விரலால் தன் மூக்கைப் பிடித்துப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் மூச்சு விடவில்லை.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
அடுத்த அட்டைக்குப் போனான்.

எனக்குத் தெரிந்தது பதினொன்றாம் பெட்டி.
ஈரம் ஐம்பது, வெப்பம் இருபத்தொன்று,
இரண்டு புள்ளி ஏறினாலும் போன் வரும்.
'பதினொன்றுக்கு வியர்க்கிறது' என்பார்கள்,
வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல.
ராத்திரி இரண்டு மணிக்கு
கைலியின் மேல் பேண்டை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.
வேலை எப்போதும் பெட்டியின் முதுகுப்பக்கம்,
அல்லது தலைக்கு மேல்.
முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

ஒரு சீப்பு.
என் உள்ளங்கையைவிடச் சின்னது.
பல் இரண்டு போயிருந்தது.
'எலும்பு. கல்லறையில் கிடைத்தது.
யாருடையது என்று தெரியவில்லை.'

இதற்கா?

போன ஆகஸ்டில் எங்கள் அறை ஏசி
பதினொரு நாள் செத்துக் கிடந்தது.
எட்டுப் பேர், அதில் ஐந்து பேர் ஏசி மெக்கானிக்.
பார்ட்ஸ் வரவில்லை.
ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு
மொட்டை மாடியில் கிடந்தோம்.
எங்களுக்கு வியர்க்கிறது என்று
யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை.

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன்.
வந்தது, கொஞ்சம்.
ஆனால் சீப்பு அங்கேயே இருந்தது.
எவளோ, எவனோ, சிக்கெடுக்கும்போது
அவசரத்தில் இழுத்திருக்க வேண்டும்,
அந்த இரண்டு பல்.

பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாணவி,
என்னை வேலைக்காரன் என்று சரியாகவே கணித்து,
'இது அசலா?' என்று கேட்டாள்.
'அசல்தான்.
போலிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு
யாரும் கூப்பிடமாட்டார்கள்.'
அதையும் எழுதிக்கொண்டாள்.

அவள் போனதும் குனிந்து கண்ணாடியில் ஊதினேன்.
வாயளவு ஒரு மூட்டம்.
எண்ணினேன். ஏழில் மறைந்தது.
காற்றோட்டம் சரி.
நேபாளி பார்த்துவிட்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியேறும் இடத்தில் பார்வையாளர் புத்தகம்.
பெயர், நாடு, கருத்து.
மரியலூயிஸ் வெகுநேரம் எழுதினான்,
நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில்.
மூக்கு கிளிப்பைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.
எட்டிப் பார்த்தால்:
'எல்லாம் நன்றாக இருக்கிறது.
முதல் கூடம், நாலாவது கிரில்,
ஒரு திருகு இல்லை.'

பஸ்ஸில் இருவரும் அதைப் பேசவில்லை.
என் பக்கத்து ஜன்னலில்
ஏசியின் ஈரம் ஒழுகிக்கொண்டிருந்தது,
துடைக்க ஆளில்லாமல்.